வீட்டுக்கு எந்த ஆஸ்பத்திரி கட்டில்? முதுகுக்கு முன்னாடி முட்டி

[காட்சி: வேலூர், சர்ஜிக்கல் கடை வாசல். வரிசையா நிக்கிற கட்டில்கள்]

வணக்கம். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும், குடியாத்தத்துக்கோ ஆரணிக்கோ வண்டி கிளம்புறதுக்குள்ள கட்டில் முடிவாகணும். வாடகை எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நோயாளியால எது முடியலைன்னு பாருங்க. தானா எழுந்து உக்கார்றவங்களுக்குச் சாதாரணத் தட்டைக் கட்டிலே போதும்.

[காட்சி: கால்மாட்டுக் கைப்பிடி, குளோசப்]

கால்மாட்டுல ஒரு கைப்பிடி இருந்தா செமி ஃபவுலர். முதுகுப் பக்கம் மட்டும் எழும்பும். ரெண்டு இருந்தா ஃபுல் ஃபவுலர், முட்டிப் பக்கமும் மடங்கும். ஃபவுலர்ங்கிறது கம்பெனி பேரு இல்ல. வயித்துக்குள்ள சீழ் பரவினவங்களைத் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வைக்கணும்னு 1900-ல எழுதின அமெரிக்க சர்ஜன் ஜார்ஜ் ஃபவுலரோட பேரு. அதே 1900-லதான் நம்ம வேலூர்ல, சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கின டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட வைத்தியத்தை ஆரம்பிச்சாங்க.

படுத்தே இருக்கிறவங்களுக்கு ரெண்டு கைப்பிடி கட்டில்தான் எடுக்கணும். காரணம் இதுதான்.

[காட்சி: முதுகுப் பக்கம் மட்டும் எழும்ப, உடம்பு கீழே சறுக்குது]

முதுகை மட்டும் தூக்கினா உடம்பு கால்மாட்டுக்குச் சறுக்கும். தோல் விரிப்போட ஒட்டி நிக்கும், உள்ள எலும்பு மட்டும் நகரும். நடுவுல இருக்கிற ரத்தக்குழாய் இழுபட்டு நசுங்கும். வால் எலும்புக்கு மேல படுக்கைப் புண் வர்றதுக்கு இது முக்கியமான காரணம்.

கட்டிலை எழுப்புறப்ப, முதல்ல ஆளைத் தலைமாட்டுப் பக்கம் நகர்த்துங்க. கட்டில் மடங்குற இடத்துல இடுப்பு இருக்கணும். கீழ சறுக்கிக் கிடந்தா நெஞ்சுதான் மடங்கும், மூச்சு முட்டும். அப்புறம் முட்டியைக் கொஞ்சம் தூக்குங்க. அதுக்கப்புறம் முதுகு. இறக்குறப்ப முதுகு முதல்ல, முட்டி கடைசியில.

மூக்கு டியூப் வழியா கஞ்சி கொடுக்குறப்ப தலைமாடு 30-லிருந்து 45 டிகிரி. கொடுத்து முடிச்சதும் படுக்க வைக்காதீங்க, குறைஞ்சது அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இல்லேன்னா உணவு எதுக்களிச்சு நுரையீரலுக்குள்ள போயிடலாம். மத்த நேரத்துல, டாக்டர் வேற மாதிரி சொல்லலைன்னா, 30 டிகிரிக்கு மேல வேண்டாம்.

[காட்சி: மோட்டார் கட்டில், ரிமோட்]

மோட்டார் வச்ச ஐசியூ கட்டில் மொத்தமா ஏறி இறங்கும், தலைப்பக்கம் தாழும். தலையைத் தாழ்த்துற பட்டனை டாக்டர் சொல்லாம வீட்டுல தொடவே கூடாது. உயரம் கூட்டுற வசதி, தினமும் துடைச்சு விடுறவங்க இடுப்பைக் காப்பாத்தும். கரண்ட் போனா பேட்டரியோ கைப்பிடியோ இருக்கான்னு கடையிலேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்க.

[காட்சி: ஏர் பெட், பம்ப்]

வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. மறுவாழ்வு மையம் இருக்கு. முதுகுத்தண்டு அடிபட்டு அங்க பயிற்சி முடிச்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ உணர்ச்சி குறைஞ்சிருக்கும். வலி தெரியாததால புண் வர்றதும் தெரியாது. இவங்களுக்கு ஏர் பெட், அதாவது பம்ப் வச்சுக் காத்து நிரப்புற மெத்தை, அது பத்தி டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. அதை ஃபோம் மெத்தைக்கு மேல விரிக்கணும். ஆளைப் படுக்க வச்சு, இடுப்புக்கு நேரா ஏர் பெட்டுக்கு அடியில உள்ளங்கையை விட்டுப் பாருங்க. எலும்பு கையில இடிச்சா காத்து பத்தலை. மேல ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். நாலு துணி போட்டா ஏர் பெட் போட்டும் பிரயோஜனமில்ல. நம்ம ஊர் மே மாச வெயில்ல ரெக்சின் வேர்த்து ஊறும், ஈரமானா உடனே மாத்துங்க. ஏர் பெட் இருக்கேன்னு புரட்டிப் போடுறதை விட்டுடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும்.

[காட்சி: சின்ன அறை, சுவரோரம் கட்டில்]

கட்டில் சுமார் ஆறரை அடி நீளம், மூணு அடி அகலம். கால்மாட்டைச் சுவரோட ஒட்டிப் போட்டா கைப்பிடியைச் சுத்த இடமிருக்காது, ரெண்டு அடி விடுங்க. ஆளை இறக்குறதுக்கு முன்னாடி சக்கர பிரேக்கை மிதிச்சுட்டு, கட்டிலைத் தள்ளிப் பாருங்க. கைப்பிடி இறுகி நின்னா பலங்கொண்டு சுத்தாதீங்க, உள்ள திருகு மரை போயிடும். சுத்தி முடிச்சதும் கைப்பிடியை உள்ள மடக்கிடுங்க. ராத்திரி இருட்டுல முழங்கால்ல இடிக்கிறது அதுதான்.