குறையைச் சொல்வதும் குறை சொல்வதும்

நேயர்களுக்கு வணக்கம்.

"குறையைச் சொல்கிறாள்", "குறை சொல்கிறாள்". இந்த இரண்டையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஓர் 'ஐ' மட்டும்தான் வித்தியாசம். ஆனால் முதலாவதில் குறை ஒரு சாமான் மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் இருக்கிறது. இருவரும் குனிந்து பார்க்கலாம். இரண்டாவதில் குறை எதிரில் இருப்பவர் தோளில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுச் சண்டைகளில் பெரும்பாதி இந்த 'ஐ' தொலைந்துபோவதால் வருவதுதான்.

வெளியில் நமக்கு இது நன்றாகவே தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதும்போது என்ன எழுதுகிறோம்? எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம், எத்தனை நாளாக விளக்கு எரியவில்லை, என்ன செய்து தர வேண்டும். "நீங்கள் எப்போதுமே எங்களை இருட்டில்தான் வைத்திருக்கிறீர்கள்" என்று யாரும் எழுதுவதில்லை. முன்பின் தெரியாத அதிகாரிக்குக் கொடுக்கும் அந்தத் தெளிவைக் கட்டிய கணவனுக்கும் மனைவிக்கும் பெற்ற தாய்க்கும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை, பி ஷிப்ட். 10 மணிக்கு முடியும், வண்டியில் 11 மணி வாக்கில் வீடு வந்துவிடுவார். அன்றைக்கு வரும்போது 12.30. வழியில் கூட வேலை பார்ப்பவருடன் நின்று பேசியிருக்கிறார். கதவைத் திறந்ததும் மனைவி சொல்கிறார்: "நீங்க எப்பவுமே இப்படித்தான். ஒரு போன் கூட பண்ணத் தோணாது உங்களுக்கு."

இந்தப் பேச்சைப் பிரித்துப் பார்ப்போம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், இது முக்கியம். 'எப்பவுமே': ஒரு ராத்திரி நடந்தது கல்யாணமான நாளிலிருந்து நடப்பதாக ஆகிவிட்டது. 'இப்படித்தான்': அதிலுள்ள 'தான்' கதவைச் சாத்துகிறது, இனி மாற வழியில்லை என்கிறது. 'போன் கூட': அந்தக் 'கூட' வந்ததும், போன் மட்டுமில்லை, இன்னும் பத்து விஷயம் பாக்கி இருக்கிறது என்று பட்டியல் நீள்கிறது. 'தோணாது': இது செயலைப் பற்றியதே இல்லை, மனசைப் பற்றியது. அவர் மனசுக்குள் என்ன தோன்றியது என்பதற்கு இவர் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

பாருங்கள், கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. தமிழில் குத்துவதெல்லாம் இந்தச் சின்னச் சின்ன ஒட்டுகள்தான். 'ஏ', 'தான்', 'கூட', 'ஆவது'. "ஒரு நாளாவது" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் நல்லபடியாக முடிந்ததில்லை. அந்தக் கணவரும் இனி போன் விஷயத்துக்குப் பதில் சொல்ல மாட்டார். "எப்பவுமேன்னா? போன வாரம் பண்ணல?" என்று அந்த ஒட்டுக்குத்தான் பதில் சொல்வார். சண்டை 'எப்பவுமே'வைப் பற்றியதாக ஆகிவிடும். போன் அப்படியே கிடக்கும்.

அந்த அம்மாவின் மனசில் உண்மையில் என்ன இருந்தது? பயம். ராத்திரியில் அந்தக் கடலூர் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போகிற போக்கு நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை மணி நேரம் அவர் ஜன்னலில் நின்றிருக்கிறார். அந்தப் பயம் வெளியே வரும்போது கோபமாக வேஷம் கட்டி வந்துவிட்டது.

இதையே மூன்று துண்டாகச் சொல்லலாம். நடந்தது, மனசில் பட்டது, வேண்டியது. "ஷிப்ட் பத்துக்கு முடிஞ்சுது, பன்னெண்டரை வரைக்கும் போன் வரல. ரோட்டுல என்ன ஆச்சோன்னு பயந்துட்டேங்க. நேரமாகும்னா கிளம்பறப்ப ஒரு மிஸ்டு கால் குடுங்க." மூன்றே வாக்கியம். நாலாவது வாக்கியம் வந்தால் அதில் மாமியார் வந்துவிடுவார்.

இதில் தவறு எங்கே நேரும் என்றால், முதல் துண்டில். "நீங்க அலட்சியமா இருந்தீங்க" என்பது நடந்ததில்லை, தீர்ப்பு. கேமராவில் படம் பிடித்தால் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் தெரியும், வராத போன் தெரியும். அலட்சியம் படத்தில் தெரியாது. கடைசித் துண்டிலும் ஒரு கோளாறு உண்டு. "கொஞ்சம் பொறுப்பா இருங்க" என்றால் நாளைக் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும்? மிஸ்டு கால் என்றால் செய்யலாம். செய்தாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

தொடக்கத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியல் அறிஞர் கணவன் மனைவி சண்டைகளைப் படம் பிடித்துப் பல வருஷம் ஆராய்ந்தவர். 1999இல் அவரும் சிபில் கேரரும் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கல்யாணமான 124 ஜோடிகளைச் சண்டை வரும் விஷயம் ஒன்றைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். முதல் 3 நிமிஷப் பேச்சை வைத்தே, அடுத்த 6 வருஷத்தில் எந்த ஜோடி பிரியும் என்பதைக் கணிக்க முடிந்தது. முதல் 3 நிமிஷம்!

இப்போதுதான் ரேடியோவைத் திறந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்: நடந்தது, பட்டது, வேண்டியது.

சொல்லும் நேரமும் பார்க்க வேண்டும். பசியோடு வாசற்படியில் நிற்பவரிடம் வேண்டாம். "ஒரு பத்து நிமிஷம் பேசணும், இப்பவா, சாப்ட்டுட்டா?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம். எழுத்தில் குரல் போய்விடும், 'தான்' மட்டும் மிஞ்சும்.

இனி கேட்பவர். ஒருவர் வளர்ந்திருக்கிறாரா என்பது குறையைக் கேட்கும்போதுதான் தெரிகிறது என்பது என் திடமான நம்பிக்கை. பதில் சொல்லுமுன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "பன்னெண்டரை வரைக்கும் பயந்துட்டு நின்னிருக்க." அவ்வளவுதான். பிறகு, அதில் உங்கள் பங்கு எவ்வளவோ அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். "கிளம்பறப்ப சொல்லியிருக்கணும்." அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "சாரி, ஆனா" என்று போனால் அந்த 'ஆனா' முன்னால் சொன்ன சாரியைத் துடைத்துவிடும். உங்கள் பக்கத்துக் குறை இருந்தால் அதற்கு வேறொரு நாள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கைப் பதில் இருக்கிறது. சிலருக்கு "நீ மட்டும் என்ன", சிலருக்கு "சரி, எல்லாம் என் தப்புதான்", சிலருக்கு டிவி சத்தத்தைக் கூட்டுவது. இரண்டு வாரம், யாராவது குறை சொன்னதும் உங்கள் வாயில் வந்த முதல் வார்த்தையை மட்டும் ஒரு டைரியில் எழுதுங்கள். பத்து வரி சேர்ந்தால் உங்கள் வாடிக்கை தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அது வாய்வரை வந்து நிற்கும், முன்போல் தானாக வெளியே விழாது.

பேச்சு சூடாகிவிட்டால்? நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 100க்கு மேல் போனால் காதில் விழுவது மனசில் ஏறாது என்கிறார் காட்மன். அடங்கக் குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும். எழுந்து போகலாம், ஆனால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அது மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொள்வது. எதிரில் இருப்பவருக்கு அதுவே அடுத்த குறை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை. டூப்ளே சிலையிலிருந்து தலைமைச் செயலகம் வரை நிதானமாகப் போய்த் திரும்பினால் அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் அடங்கிவிடும். போகிற வழியெல்லாம் "இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தால் மட்டும் அடங்காது. அலையைப் பாருங்கள், சுண்டல் வாங்குங்கள்.

பழைய உரைகாரர்கள் பிணக்கைத் தரம் பிரித்தார்கள். கலாம் என்றால் சண்டை. புலவி என்பது இளைய கலாம், துனி என்பது முதிர்ந்த கலாம். புலவியிலேயே பேசிவிட வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும். பேசினாலும் எல்லாம் தீராது, அதையும் சொல்ல வேண்டும். தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்று காட்மன் கணக்குச் சொல்கிறார். ஒருவருக்கு சிக்கனம், ஒருவருக்கு தாராளம், அது குணம். அந்த விஷயத்தில் மனசு நோகாமல் பேசப் பழகுவதே பெரிய காரியம்.

மாமியார் மருமகள் ஜாடைப் பேச்சு, சொத்தில் அண்ணன் தம்பி மனஸ்தாபம் இரண்டையும் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு விஷயம் மட்டும். குழந்தையைத் தூது விடாதீர்கள். "அப்பாகிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு" என்றால் அந்தக் குழந்தை இரண்டு பேர் கோபத்தையும் சுமக்கிறது. அது பார்க்கச் சண்டை போட்டிருந்தால், அது பார்க்கவே சமாதானமும் ஆகுங்கள்.

இன்னொன்று, நான் சொன்னதெல்லாம் கை நீளாத வீட்டுக்கு. அடி விழும் வீட்டில் வார்த்தையைத் திருத்திப் பயனில்லை. பெண்கள் 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம்.

நன்றி, வணக்கம்.