ஒரே பெயர், இரண்டு ஜான் ஸ்டூவர்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியலைத் தமிழில் எழுதும் வலைப்பதிவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் பெயர் ஜான் ஸ்டூவர்ட். 'தி டெய்லி ஷோ' என்ற அரசியல் நையாண்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 1999 ஜனவரியிலிருந்து 2015 வரை நடத்தியவர். 2024இல் திங்கட்கிழமைகளுக்கு மட்டும் திரும்பி வந்தவர். இதே பெயரில் ஒரு பாடகரும் இருந்தார். கிங்ஸ்டன் ட்ரையோ என்ற நாட்டுப்புற இசைக் குழுவில் 1961இல் சேர்ந்து 1967 வரை பாடியவர், சான் டியாகோக்காரர்.

ஆங்கிலத்தில் இருவர் பெயரும் ஒன்றல்ல. பாடகரின் பெயரில் ஒரு 'ஹெச்' உண்டு. தொலைக்காட்சிக்காரர் பெயரில் இல்லை. தமிழில் எழுதியதும் அந்த எழுத்து மறைந்துபோய் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். ஒருவருக்கு 'ஜான்', மற்றவருக்கு 'ஜோன்' என்று பிரித்து எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். இலங்கைத் தமிழில் 'ஜோன்' என்பதே ஜானுக்கான வழக்கமான எழுத்து; அங்குள்ள வாசகருக்கு அதில் எந்த வேறுபாடும் தெரியாது.

பாடகர், தொகுப்பாளர் என்று தொழிலைச் சொன்னால் போதாதா? பல சமயம் போதும். ஆனால் இந்த இருவருக்கும் அரசியல் தொடர்பு உண்டு, குழப்பம் அங்கேதான் முளைக்கிறது. 1968இல் ராபர்ட் கென்னடியின் அதிபர் தேர்தல் பிரசாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் பாடகர் ஸ்டூவர்ட். மற்றவர், 2004 அக்டோபர் 15 அன்று சிஎன்என் தொலைக்காட்சியின் 'கிராஸ்ஃபயர்' விவாத நிகழ்ச்சிக்குள்ளேயே போய், இந்த மாதிரி விவாதம் நாட்டுக்குக் கேடு என்று அதை நடத்தியவர்களிடம் நேருக்கு நேர் சொன்னவர். 2019 ஜூனில் செப்டம்பர் 11 மீட்புப் பணியாளர்களுக்காக நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியவரும் அவரே. 'ஸ்டூவர்ட், கென்னடி, பிரசாரம்' என்று ஒரு குறிப்பு கிடைத்ததும் அதைத் தொகுப்பாளர் தலையில் ஏற்றிவிடுவது எளிது.

அதனால் முதலில் வயதைக் கணக்கிட வேண்டும். தொகுப்பாளர் பிறந்தது 1962 நவம்பர். 1968 பிரசாரத்தின்போது அவருக்கு 5 வயது. பாடகர் பிறந்தது 1939, இறந்தது 2008 ஜனவரி 19. அந்தத் தேதிக்குப் பிந்தைய எந்தப் பேட்டியும் அவருடையதாக இருக்க முடியாது. சிக்கலான காலம் 1990களிலிருந்து 2008 வரை. இருவரும் மேடையில் இருந்த ஆண்டுகள். அங்கே தேதி உதவாது, மூலக் காணொளியையோ ஒலிப்பதிவையோ திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இசைத்தட்டு கையில் இருந்தால் அதன் நடுவிலுள்ள வட்டச் சீட்டைப் பாருங்கள். பாட்டின் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில், பெரும்பாலும் அடைப்புக்குள் இருப்பது எழுதியவர் பெயர். பாடியவர் பெயர் தனியே, பெரிதாக இருக்கும். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக உருவான மங்கீஸ் இசைக்குழு 1967இல் வெளியிட்ட 'டேட்ரீம் பிலீவர்' பாட்டை எழுதியவர் நம் பாடகர் ஸ்டூவர்ட்; பாடியவர் டேவி ஜோன்ஸ்.

அந்த ஜோன்ஸ் பெயரிலும் ஒரு கதை உண்டு, அதையும் பலர் தப்பாகவே எழுதுகிறார்கள். லண்டனில் பிறந்த டேவிட் ஜோன்ஸ் என்ற பாடகர், மங்கீஸ் தொலைக்காட்சித் தொடர் பிரபலமானதால், அதில் நடித்த டேவி ஜோன்ஸோடு குழப்பம் வராமலிருக்கப் பெயரை டேவிட் போவி என்று மாற்றிக்கொண்டார் என்பார்கள். போவி என்ற பெயரில் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது 1966 ஜனவரி. தொடர் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 12. தொடர் காரணமாக இருக்க வழியே இல்லை. டேவி ஜோன்ஸ் அதற்கு முன்பே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்துப் பெயர் வாங்கியிருந்தார், போவி பெயரை மாற்றிய காரணம் அதுதான்.

எழுதும்போது முதல் இடத்தில் 'பாடகர் ஜான் ஸ்டூவர்ட் (1939–2008)' என்று தொழிலையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இருவரும் ஒரே கட்டுரையில் வந்தால் பின்னால் வெறும் 'ஸ்டூவர்ட்' என்று எங்கேயும் விடாதீர்கள். தலைப்புக்கு இன்னும் கவனம் வேண்டும். பகிரப்படும்போது அது மட்டும்தான் தனியே போகிறது.

தப்பு நேர்ந்துவிட்டால் வரியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றுவது சரியல்ல. கட்டுரையின் உச்சியில் தேதியோடு திருத்தம் போடுங்கள். கூடவே படம், படத்தின் கோப்புப் பெயர், படக்குறிப்பு, குறிச்சொல் நான்கையும் பாருங்கள். பெரும்பாலும் கோப்புப் பெயர்தான் விட்டுப்போகும். அது பழைய பெயரிலேயே கிடந்தால், தேடுபொறி தவறான முகத்தையே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.