ரத்த அறிக்கையில் ஒரு வகுத்தல் கணக்கு

ஒலி 96.8 நேயர்களுக்கு வணக்கம்.

இரைப்பைப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் என்னிடம் கேட்பது, "அப்பா தேறிவிடுவாரா டாக்டர்?" என்பதுதான். கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்து நோயின் கட்டத்தைச் சொல்வோம். ஆனால் ஒரே கட்டத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் நிமிர்ந்துவிடுகிறார், இன்னொருவர் விரைவில் தளர்ந்துபோகிறார். அந்த வேறுபாட்டின் ஒரு சிறு தடயம், பலதுறை மருந்தகத்தில்கூட எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்றும் லிம்போசைட் என்றும் வகைகள் உண்டு. முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். நியூட்ரோபில் 6, லிம்போசைட் 1.5 என்றால் விடை 4. நலமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரை வரும். சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் உயர்ந்திருந்த இரைப்பைப் புற்றுநோயாளிகள், சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்ததாக ஜப்பானிலும் சீனாவிலும் கொரியாவிலும் நடந்த பல ஆய்வுகள் காட்டுகின்றன.

புற்றுக்கட்டி உடலில் ஓயாத அழற்சியை, அதாவது காயத்தையோ கிருமியையோ எதிர்க்கும்போது உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினையை, தூண்டுகிறது. எலும்பு மஜ்ஜை நியூட்ரோபில்களைக் கூடுதலாக அனுப்புகிறது. அவற்றில் சில, கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் வளரவே துணைபோகின்றன. புற்றணுக்களைத் தேடி அழிக்க வேண்டிய லிம்போசைட்டுகளோ குறைந்துவிடுகின்றன.

அதற்காக வீட்டில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். சளிக்காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, கீமோதெரபி, எல்லாமே இந்த எண்ணை அசைத்துவிடும். டெங்கி வந்தால் வெள்ளை அணுக்களின் கணக்கே மாறிவிடும். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. பெருங்கூட்டத்தின் சராசரி உங்கள் தந்தையின் தலைவிதி அன்று.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அல்புமின் என்ற ரத்தப் புரதம். அதையும் லிம்போசைட் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணிக்கும் ஊட்டக் குறியீடு ஒன்று ஜப்பானில் உருவானது. அழற்சியாலும் அல்புமின் குறையும் என்றாலும், சரியாகச் சாப்பிட முடியாதவரை அது நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள். குடும்பத்தின் கை எட்டும் இடம் இது.

இன்னொன்று. இந்த விகிதம் புற்றுநோயைக் கண்டுபிடிக்காது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்நோய் குறைவு என்பது உண்மை. அந்தத் தைரியத்தில் நம்மவர்கள் சீரகத் தண்ணீரும் வாயு மாத்திரையுமாக மாதங்களைக் கடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மலம் கறுத்தாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ, உணவு விழுங்கச் சிரமமானாலோ, ரத்த அறிக்கை நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போய், வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். இரைப்பையில் தங்கி இந்நோய்க்கு வழிவகுக்கக்கூடிய ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருப்பது தெரிந்தால், கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் முடித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.