ஃபேன் பேரிங்கால் வெர்னியரைச் சோதிக்கலாம், அப்புறம் மாடியில் ஈயம் வார்க்கலாம்

[மேசை மேல் டிஜிட்டல் வெர்னியர், 0–25 மைக்ரோமீட்டர், பிரிக்காத இரண்டு பேரிங்]

வணக்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய வெர்னியர் (இரண்டு தாடைக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி) வாங்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் ஒரு 6202 பேரிங்கைப் போட்டுக்கொண்டு போங்கள். சீலிங் ஃபேனில் போடுவார்களே, அதேதான். உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ. பெயர் பெற்ற கம்பெனித் தயாரிப்பு என்றால், சாதாரணத் தரத்திலேயே வெளிவிட்டம் 35-ஐத் தாண்டாது. குறைந்தாலும் 11 மைக்ரானுக்குள்தான் குறையும். உள்விட்டத்தில் 8 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மி.மீ., ஞாபகம் இருக்கட்டும். இருநூறு ரூபாய் பேரம் பேசி வாங்குகிற வெர்னியரைச் சோதிக்க இதைவிட மலிவான அளவுகோல் கிடைக்காது.

ஒன்று மட்டும்: பேரிங்கின் அகலத்தை நம்பாதீர்கள். அட்டையில் 11 மி.மீ. என்று போட்டிருக்கும். ஆனால் அதில் 120 மைக்ரான் வரை குறைய அனுமதி உண்டு. அகலத்தை அளந்துவிட்டு நல்ல வெர்னியரைத் திட்டாதீர்கள்.

இன்றைக்கு இரண்டு வேலை. முதலில் அளவுக்கருவி சோதனை. அப்புறம் ஒரு ஈயத் துண்டு வார்க்கப் போகிறோம். வைஸில் பிடித்த ஜாபை, அதாவது வேலை நடக்கும் துண்டை, வடு விழாமல் தட்டி உட்கார வைக்க ஈயச் சுத்தியல் வேண்டும், அதற்கு முன்னோட்டம். வார்ப்பு உருப்படியா என்று கடைசியில் சொல்லப்போவதே வெர்னியர்தான். அதனால்தான் இந்த வரிசை.

[தாடைகளை மூடி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறோம்]

தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது. இப்போது பேரிங்கைத் தாடையின் அடியில், பீமுக்கு (அளவு பொறித்த நீண்ட பட்டைக்கு) ஒட்டினாற்போல வைத்து அளங்கள். பிறகு நுனியில். இரண்டுக்கும் 0.02 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் நகரும் தாடை ஆடுகிறது. மேலே இரண்டு பொடி ஸ்க்ரூ இருக்கிறதே, அதைக் கால் திருப்பு இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அளவுகோல் ஒரு கோட்டில், அளக்கும் இடம் வேறு கோட்டில் என்பது வெர்னியரின் பிறவிக் குறை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-லேயே இதைச் சொல்லிவிட்டார். டிஸ்ப்ளேயில் 0.01 காட்டுகிறது என்பதற்காக அதை 0.01 துல்லியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல டிஜிட்டல் வெர்னியரிலேயே பிழை 0.02 அளவுக்கு இருக்கும்.

[மைக்ரோமீட்டரில் 608 பேரிங்]

மைக்ரோமீட்டருக்கு (திருகைச் சுற்றி அளக்கும் கருவி) 608 பேரிங், வெளிவிட்டம் 22 மி.மீ. நுனியில் கடகடவென்று வழுக்கும் ராட்செட்டால் மட்டும் திருப்புங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருகின் புரி இடைவெளி 0.5 மி.மீ. என்பதால், 22 என்றாலும் 10 என்றாலும் திம்பிள் (கோடு போட்ட சுழலும் உருளை) அதே பூஜ்யத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளே இருக்கும் பிழை கண்ணில் படவே படாது. அதனால்தான் லேபில் 2.5, 5.1, 7.7, 10.3 என்று விசித்திரமான அளவுகளில் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக் கட்டை) வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் ஒரு பேரிங் குண்டை எடுத்து ஆன்வில் (நகராத முனை) முகத்தின் நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில் என்று மாற்றி மாற்றி அளக்கலாம். குண்டின் அளவு என்னவென்று தெரிய வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவு வந்தால் முகங்கள் இணையாக இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் குறைத்துக் காட்டினால், நடுப்பகுதி தேய்ந்த மைக்ரோமீட்டர் அது.

சென்னை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீள அளவுக்கு உலகம் முழுக்க 20 டிகிரிதான் அடிப்படை வெப்பநிலை. நம் ஷெட்டில் 35. நூறு மி.மீ. இரும்பு இந்த 15 டிகிரியில் 17 மைக்ரான் நீளும். கருவியும் ஜாபும் இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கவலை இல்லை, இரண்டும் சேர்ந்தே நீளும். அலுமினியம் இதைப்போல இரண்டு மடங்கு நீளும். வாசலில் வெயிலில் கிடந்த ஜாபை எடுத்து உடனே அளப்பதுதான் வம்பு. அரை மணி நேரம் இரண்டையும் ஒரே மேசையில் விடுங்கள்.

[மொட்டை மாடி, கேஸ் அடுப்பு, இரும்புச் சட்டி]

சரி, ஈயத்துக்கு வருவோம். இது காரீயம், நஞ்சு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில், மாடியில்கூடச் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. பக்கத்தில் வடாம் காய்கிற நாளிலும் வேண்டாம்.

காயலான் கடையில் பழைய ஈயக் குழாய் கேளுங்கள். டயர் கடையின் வீல் வெயிட்டும் ஆகும், ஆனால் அதில் துத்தநாகம் கலந்து கிடக்கும். கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயம் என்றால் பல் இறங்கும், துத்தநாகம் என்றால் வழுக்கும். பழைய பேட்டரியை மட்டும் உடைக்கவே கூடாது. உள்ளே அமிலம், ஈயத் தூள், உருக்கினால் கிளம்பும் விஷ வாயு. அதைக் கொடுக்க வேண்டிய இடம் பேட்டரி கடை.

ஈயம் 327.5 டிகிரியில் உருகும். தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) வைத்து 350-லிருந்து 380-க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் அவசியம் இல்லை, துத்தநாகம் தப்பித் தவறி விழுந்திருந்தாலும் இந்தச் சூட்டில் உருகாமல் மிதக்கும். இந்தச் சூட்டில் ஆவியைவிட, மேலே படியும் சாம்பல் நிறக் கசடின் தூசிதான் பெரிய ஆபத்து. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி மாஸ்க், முழு முகக் கவசம், தோல் கையுறை, தோல் ஷூ, பருத்தி பேண்ட். லுங்கியும் செருப்புமாக அடுப்புப் பக்கமே வராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு சிக்கினால் அது நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்கு நீராவியாகி, சட்டியில் இருப்பதை முகத்தில் அடிக்கும். ஈரக் கரண்டி, மழைக்காலத்தில் வியர்த்த அச்சு, மே மாதத்தில் உங்கள் நெற்றி வியர்வை, எதுவும் போதும். தலையில் துணி கட்டுங்கள். கரண்டியையும் அச்சையும் அடுப்போரம் சூடாக்கிக் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

[40 மி.மீ. உள்விட்ட இரும்புக் குழாய் அச்சு, ஊற்றும் காட்சி]

ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். மேற்பரப்பு நடுவில் குழி விழும். உறையும்போது ஈயம் சுருங்குவதால் வருவது. இன்னும் கொஞ்சம் ஊற்றி நிரப்புங்கள். பக்கவாட்டில் சுருக்கம் சுருக்கமாக இருந்தால் சூடு போதவில்லை, பனி படிந்த மாதிரி வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

ஆறியதும் இரண்டு முனையையும் நேராக்கி, வெர்னியரை எடுங்கள். தாடையின் கத்தி போன்ற நுனியால் பிடித்தால் ஈயத்தில் பதிந்துவிடும், அகலமான பகுதியால் பட்டும் படாமலும் பிடியுங்கள். அச்சு 40 மி.மீ. என்றாலும் துண்டு 39.7 பக்கம் இருக்கும். ஆறும்போது ஈயம் நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கிவிடும்.

நீளம் 55 என்று வைப்போம். கொள்ளளவு 68 கன செ.மீ., ஈயத்தின் அடர்த்தி 11.34, ஆக எடை 772 கிராம் வர வேண்டும். சமையலறைத் தராசில் 750 காட்டினால் உள்ளே ஓட்டை இருக்கலாம். ஈயத்தைவிட லேசான, கடினமான ஆன்டிமனி கலந்த ஈயமாகவும் இருக்கலாம், நகத்தால் கீறிப் பாருங்கள், சுத்த ஈயத்தில் கோடு விழும். மூன்றாவதாக, வெர்னியர் விட்டத்தை அரை மி.மீ. கூட்டிக் காட்டியிருந்தாலும் இதே இருபது கிராம்தான் குறையும்! பேரிங் வைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சந்தேகமே வராது. தராசையும் விடாதீர்கள், மளிகைக் கடையின் முத்திரை குத்திய 500 கிராம் படிக்கல்லை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள்.

கசடை மூடியுள்ள டின்னில் போட்டு, மேலே பெரிதாக ‘ஈயம்’ என்று எழுதி, ஈயம் எடுக்கும் வியாபாரியிடமே கொடுங்கள், குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். சட்டியும் கரண்டியும் இனி சமையலறைக்குப் போகக் கூடாது. கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் டீ. போட்டிருந்த துணியைத் தனியாக அலசுங்கள்.

சுத்தியலுக்கு இதே குழாயின் பக்கவாட்டில் துளை போட்டு, நர்லிங் செய்த (மேலே சொரசொரப்பாக வரி போட்ட) கெட்டியான எம்.எஸ். (சாதா இரும்பு) ராடை நுழைத்து ஊற்ற வேண்டும். கைப்பிடிக்குக் குழாயைப் போடாதீர்கள், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும்.