கோப்பை முதல்முறையாகக் கடல் தாண்டிய வருஷம்: 2018 சேலஞ்ச் கப்

[திரையில்: வெம்ப்ளி ஸ்கோர்போர்டு. கட்டலான்ஸ் 20, வாரிங்டன் 14.]

2018 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ரக்பி லீகின் பழம்பெரும் நாக்அவுட் போட்டியான சேலஞ்ச் கப்பின் இறுதி ஆட்டம் முடிந்து, ரெமி காஸ்டி என்கிற பிரெஞ்சு கேப்டன் கோப்பையைத் தூக்குகிறார். 1897இல் தொடங்கிய போட்டி இது. அன்றிலிருந்து அதுவரை இந்தக் கோப்பையை ஜெயித்த எல்லாமே இங்கிலாந்து கிளப்கள், அதிலும் பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்தின் சுரங்க ஊர்களும் ஆலை ஊர்களும்தான். முதல்முறையாகக் கோப்பை நாட்டை விட்டு வெளியே போகிறது. போகும் இடம் கட்டலான்ஸ் டிராகன்ஸ் கிளப்பின் ஊரான பெர்பினியான், பிரான்சின் தெற்கு மூலை, ஸ்பெயின் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்.

இந்த வீடியோவில் அந்த ஒரு சீசனைத்தான் பார்க்கப் போகிறோம். ஆனால் அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமென்றால் 2018இலேயே நின்றுவிட்டால் போதாது, 1941 வரைக்கும் போய் வர வேண்டும். போவோம்.

முதலில் ரக்பி லீக் பற்றிக் கொஞ்சம், இதுவரை பார்க்காதவர்களுக்காக. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்து கிளப்கள் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து போவதாக முடிவெடுத்தன. காரணம் கூலி. சனிக்கிழமை ஆட வந்தால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய சம்பளம் போய்விடும், அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாம் என்றன வடக்கு கிளப்கள், கூடவே கூடாது என்றது யூனியன். பிரிந்த பிறகு ஆட்டமும் மாறிக்கொண்டே வந்தது. இன்று ஒரு அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள். பந்து கையில் இருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான் கணக்கு, கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து மாதிரி. அதற்குள் எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்ற வேண்டும், முடியாவிட்டால் பந்து அடுத்தவர் கைக்குப் போய்விடும். அப்படி ஊன்றுவதற்குப் பேர் ட்ரை, 4 புள்ளி. அதற்குப் பிறகு உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் கன்வர்ஷன், 2 புள்ளி. பெனால்டி கோலுக்கும் 2. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு 1. இந்த 1 புள்ளியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

சேலஞ்ச் கப்பின் அழகு அதன் ஏணியில் இருக்கிறது. முதல் சுற்றில் உள்ளூர் அமெச்சூர் கிளப்களும் ராணுவ அணிகளும் ஆடுகின்றன, மேலே வர வர சிறிய தொழில்முறை கிளப்கள் சேர்கின்றன, கடைசியில்தான் ரக்பி லீகின் உச்ச நிலைத் தொடரான சூப்பர் லீகின் கிளப்கள். 2018இல் சூப்பர் லீகின் பலமான எட்டு அணிகள் ஆறாம் சுற்றில் நுழைந்தன, முந்தைய ஆண்டு கீழே கிடந்தவை ஒரு சுற்று முன்னதாகவே ஆட வேண்டியிருந்தது. கட்டலான்ஸ் டிராகன்ஸ் இந்த இரண்டாவது வகை.

கீழே கிடந்தது என்றால் சும்மா இல்லை. 2017 சீசன் முடிவில் அந்த அணி சூப்பர் லீகிலிருந்தே இறங்கிப் போயிருக்க வேண்டியது. செப்டம்பர் 30 அன்று லீ அணிக்கு எதிராக, அதுவும் லீயின் சொந்த மைதானத்தில், ஒரே ஒரு ஆட்டம். ஜெயிப்பவர் மேலே, தோற்பவர் இரண்டாம் நிலைக்கு. மில்லியன் பவுண்டு கேம் என்று அதற்குப் பேரே வைத்திருந்தார்கள், தோற்றால் போகும் பணம் அவ்வளவு. கட்டலான்ஸ் 26-10 என்று ஜெயித்துத் தப்பித்தது. இங்கிலாந்து தேசிய அணிக்கு முன்பு கோச்சாக இருந்த ஸ்டீவ் மெக்நமாரா அந்த வருஷம் நடுவில்தான் பொறுப்பேற்றிருந்தார்.

தப்பித்த அணி அடுத்த வருஷமாவது நிமிர்ந்ததா என்றால், தொடக்கத்தில் அதுவும் இல்லை. 2018இன் ஆரம்ப வாரங்களில் லீக் அட்டவணையின் அடிமட்டத்தில்தான் இருந்தார்கள். கோப்பையில் முதல் எதிராளி யார்க், மூன்றாம் நிலை லீகில் ஆடும் கிளப். அங்கே போய் 34-22 என்று ஜெயித்தார்கள். ஒரு சூப்பர் லீக் அணி மூன்றாம் நிலை அணியிடம் 22 புள்ளி விட்டுக்கொடுக்கிறது என்றால், அன்று மைதானத்தில் இருந்த யாரும் இவர்கள் வெம்ப்ளி போவார்கள் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை.

சீசன் நடுவில் ஜாஷ் டிரிங்க்வாட்டர் என்ற ஆஸ்திரேலிய ஹாஃப்பேக் வந்து சேர்ந்தார். என் கணக்கில் அந்த சீசனின் திருப்பம் அதுதான். எப்போது உதைப்பது, எப்போது ஓடுவது, ஆறு டேக்கிளை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் ஆள் ஹாஃப்பேக். அந்த இடம் நிலைத்துவிட்டால் அணியின் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். காலிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு போய் 20-6 என்று ஜெயித்தார்கள்.

[திரையில்: போல்டன் மைதானம், ஆகஸ்ட் 5.]

அரையிறுதி இரண்டும் போல்டனில் ஒரே நாளில் நடந்தன. ஒன்றில் வாரிங்டன், லீட்ஸை 48-12 என்று நொறுக்கியது. இன்னொன்றில் கட்டலான்ஸுக்கு எதிரே செயின்ட் ஹெலன்ஸ். அந்த ஆண்டு லீக் அட்டவணையில் வெகு தூரம் முன்னால் நின்று முதலிடத்துக்கான கேடயத்தை வாங்கிய அணி அது. ஆண்டின் சிறந்த வீரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருதை வாங்கிய பென் பார்பாவும் அவர்கள் ஆள்தான். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் செயின்ட் ஹெலன்ஸ்தான் வர வேண்டும்.

முடிவு: கட்டலான்ஸ் 35, செயின்ட் ஹெலன்ஸ் 16.

அந்த 35ஐ ஒரு நிமிஷம் பாருங்கள். ட்ரை 4, கன்வர்ஷன் 2, பெனால்டி 2, எல்லாமே இரட்டைப்படை. ஒற்றைப்படை எண் வந்திருக்கிறதென்றால் அதில் ஒரு டிராப் கோல் ஒளிந்திருக்கிறது. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கையைப் பிசைந்துகொண்டு அடிப்பதுதான் டிராப் கோலின் வழக்கம். 19 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில், லீகிலேயே பலமான அணிக்கு எதிராக, அதையும் எடுத்திருக்கிறார்கள். கிடைத்த ஒவ்வொரு வாய்ப்பையும் புள்ளியாக்கும் தெளிவு அன்று இருந்தது.

சரி, இப்போது 1941க்குப் போவோம்.

பிரான்சுக்கு ரக்பி லீக் வந்தது 1934இல். 1931இல் பிரெஞ்சு ரக்பி யூனியன் அணியை ஐந்து நாடுகள் போட்டியிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள், வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுக்கிறார்கள், மைதானத்தில் வன்முறை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அந்த இடைவெளியில் ழான் காலியா என்ற யூனியன் வீரர் பதின்மூன்று பேர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். தெற்கில் காட்டுத்தீ போலப் பரவியது. பெர்பினியானில் கட்டலான் பதின்மூன்று என்ற பெயரில் கிளப் பிறந்ததும் அப்போதுதான். யூனியன் கிளப்களிலிருந்து ஆட்களும் கூட்டமும் இந்தப் பக்கம் நகரத் தொடங்கின.

பிறகு போர் வந்தது. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும் விஷி நகரத்தில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் ஒரு அரசு அமைந்தது. அதன் விளையாட்டு நிர்வாகத்தில் யூனியன்காரர்கள் கை ஓங்கியிருந்தது. 1941 டிசம்பர் 19 அன்று ஒரு ஆணை: ரக்பி லீக் சங்கம் கலைக்கப்படுகிறது, அதன் சொத்து முழுவதும் பறிமுதல். ஒரு விளையாட்டை அதன் போட்டி விளையாட்டின் ஆட்களே அரசாங்கத்தை வைத்துத் தடைசெய்ய வைத்தார்கள் என்பது விளையாட்டு வரலாற்றிலேயே எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயங்களில் ஒன்று. போர் முடிந்து ஆட்டம் திரும்பி வந்தது, ஆனால் பறித்த சொத்து திரும்பி வரவில்லை. ரக்பி என்ற பெயரைக்கூடப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொள்ள விடவில்லை, வெறுமனே பதின்மூன்று பேர் ஆட்டம் என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் 1951இல் பிரெஞ்சு அணி ஆஸ்திரேலியா போய் டெஸ்ட் தொடரை 2-1 என்று ஜெயித்து வந்தது. புய்க் ஓபேர் என்ற அந்த அணியின் உதைப்பாளர் பெயரை இன்றைக்கும் தெற்கு பிரான்சில் மரியாதையோடு சொல்கிறார்கள்.

கட்டலான்ஸ் டிராகன்ஸ் ஆடும் மைதானத்தின் பெயர் ஜில்பேர் ப்ரூட்டுஸ். அவர் பெர்பினியானின் ரக்பி மனிதர், நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து 1944இல் ஜெர்மானியர் பிடியில் உயிரிழந்தவர். ஒரு அரசு தடை செய்த ஆட்டத்தை ஆடும் கிளப்புக்கு, அந்த அரசு யாரோடு கைகோத்ததோ அவர்களை எதிர்த்து இறந்தவர் பெயரில் மைதானம். அந்த ஊரில் இந்த ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

இப்போதைய கிளப் 2000இல் இரண்டு கிளப்கள் இணைந்து உருவானது, 2006இல் சூப்பர் லீகில் சேர்ந்தது. அடுத்த வருஷமே, 2007 ஆகஸ்ட் 25 அன்று, சேலஞ்ச் கப் இறுதிக்கு வந்துவிட்டார்கள். இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து இறுதிக்கு வந்த முதல் கிளப். செயின்ட் ஹெலன்ஸிடம் 30-8 என்று தோற்றார்கள். தேதியைக் கவனித்தீர்களா? சரியாகப் பதினோரு வருஷம் கழித்து அதே ஆகஸ்ட் 25. 2007இல் ஆடிய இளைஞர் ரெமி காஸ்டி, 2018இல் கேப்டன்.

[திரையில்: இறுதி ஆட்டம், முதல் பாதி.]

இறுதியில் வாரிங்டன்தான் வலுவான அணி என்று பேச்சு. காலிறுதியில் விகானை 23-0 என்று ஒரு புள்ளி கூட எடுக்க விடாமல் அனுப்பியவர்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே லூயிஸ் டியர்னி ட்ரை போட்டார். இவர் யார் என்றால், லீகிலும் யூனியனிலும் கொடிகட்டிப் பறந்த ஜேசன் ராபின்சனின் மகன். வாரிங்டனுக்கு பென் மர்டாக்-மசிலா பதில் ட்ரை போட்டார், ஓடி வந்தால் நிறுத்த நாலு பேர் வேண்டும் என்கிற உடம்பு. பெஞ்சமின் கார்சியா, பிறகு பிரேடன் வில்லியாமே என்று கட்டலான்ஸ் மொத்தம் மூன்று ட்ரை. டிரிங்க்வாட்டர் நான்கு முறை உதைத்து நாலையும் கோலாக்கினார். 12ம் 8ம் சேர்ந்து 20. வாரிங்டனுக்கு ஜார்ஜ் கிங் இரண்டாவது ட்ரை போட்டபோது வித்தியாசம் ஆறாகக் குறைந்தது.

ஆறு என்பது மிக மோசமான வித்தியாசம். ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன், அவ்வளவுதான், ஸ்கோர் சமன். வாரிங்டன் வீரர்களுக்கும் அது தெரியும், கட்டலான்ஸ் வீரர்களுக்கும் தெரியும், அரங்கத்தில் மஞ்சளும் சிவப்புமாய் நின்றவர்களுக்கும் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் ஜெயிக்க வைப்பது அழகான ஓட்டம் கிடையாது. டேக்கிள் செய்துவிட்டு எழுந்து, பத்து மீட்டர் பின்னால் போய், திரும்ப முன்னால் வந்து இன்னொரு டேக்கிள், அதைச் சலிக்காமல் செய்வதுதான். டிவியில் பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்காது. அந்த வேலையைத்தான் கட்டலான்ஸ் கடைசிவரை செய்தது. 20-14.

ஆட்டநாயகனுக்கான லான்ஸ் டாட் விருது, எல்லாருக்கும் பின்னால் நின்று காக்கும் ஃபுல்பேக் டோனி ஜிகோவுக்கு. அந்த விருதை வாங்கிய முதல் பிரெஞ்சுக்காரர்.

இனி, இந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிலர் தூக்கிப் போடும் எண்ணுக்கு வருவோம்: 50,672. அன்று வந்த கூட்டம். 2007இல் இதே கட்டலான்ஸ் ஆடியபோது 84,241 பேர் வந்தார்கள். பார்த்தாயா, பிரெஞ்சு கிளப் இறுதிக்கு வந்தால் கூட்டம் வராது என்று வாதம். ஒரே கிளப், ஒரே மைதானம், ஒரே தேதி, 2007இல் மட்டும் எப்படி வந்ததாம்? புது வெம்ப்ளியில் நடந்த முதல் ரக்பி லீக் இறுதி என்பதால் அப்போது ஊரே திரண்டது. 2018இல் என்ன நிலைமை? அரையிறுதி ஆகஸ்ட் 5, இறுதி ஆகஸ்ட் 25. நடுவில் 20 நாள். பெர்பினியான் குடும்பம் ஒன்று அந்த 20 நாளில், ஐரோப்பா முழுக்க விடுமுறைக்குக் கிளம்பும் ஆகஸ்ட் மாதத்தில், விமான டிக்கெட்டும் லண்டனில் அறையும் பிடிக்க வேண்டும். இங்கிலாந்திலும் அது நீண்ட வார விடுமுறை. அதையும் மீறி வந்தவர்களின் சத்தம்தான் அன்று மைதானத்தை நிறைத்தது. தேதியைக் குறித்தது போட்டி நடத்துபவர்கள், பழி மட்டும் வந்து சேர்ந்தது ஜெயித்தவர்கள் தலையில்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். 2019 போட்டியில் பிரெஞ்சு கிளப்கள் கலந்துகொள்ள வேண்டுமானால் பண உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்டார்கள், நடப்பு சாம்பியனிடமே. கட்டலான்ஸ் கடைசியில் ஆடியது, இன்னொரு பிரெஞ்சு கிளப்பான துலூஸ் ஆடவில்லை. டிக்கெட் விற்பனை குறையும் பயம் நியாயமானதுதான், கோப்பைப் பணத்தில்தான் சின்ன கிளப்கள் பிழைக்கின்றன. ஆனால் நாக்அவுட் போட்டியில் இறுதிக்கு வரும் உரிமையை மைதானத்தில்தான் சம்பாதிக்க வேண்டும், வங்கியில் அல்ல.

கூட்டம் வராது என்ற வாதத்துக்கு கட்டலான்ஸ் ஒரு வருஷத்துக்குள் பதில் சொன்னது. 2019 மே 18 அன்று விகானுக்கு எதிரான லீக் ஆட்டத்தை எல்லை தாண்டி பார்சிலோனாவின் கேம்ப் நோவுக்குக் கொண்டு போனார்கள். வந்தவர்கள் 31,555 பேர். ஆட்டத்தையும் 33-16 என்று ஜெயித்தார்கள்.