தண்ணீருக்கு ஒரு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் எழுந்ததும் அடுப்பில் கேத்தலை வைத்திருப்பீர்கள். அந்தக் கேத்தலில் ஊற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தண்ணீர் பிடிக்கிற குழாயான பீலியிலிருந்து என்பீர்கள். பீலிக்கு எங்கிருந்து வந்தது? மேலே தொட்டியிலிருந்து. தொட்டிக்கு? அந்த இடத்தில்தான் நம்மில் பலருக்குப் பேச்சு நின்றுவிடும். தொட்டிக்கும் மேலே இருக்கிற ஊற்றுக்கண்ணை நேரில் போய்ப் பார்த்தவர்கள் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். இன்று உங்களை அந்த ஊற்றுக்கண் வரைக்கும் அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறேன்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். நான் பிறகு தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பாடத்தில் தண்ணீர் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். கொழும்பில் ஒருவர் குழாயைத் திறந்து குடிக்கிறாரே, அந்தத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர்?

பிள்ளைகள் கடல் என்பார்கள், கிணறு என்பார்கள். உண்மையில் அது நம்முடைய தண்ணீர். சிவனொளிபாத மலைச் சரிவிலும் அதை ஒட்டிய மலைகளிலும் பெய்கிற மழை கெகல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் இறங்குகிறது. வழியில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தேங்கி மின்சாரம் தருகிறது. இரண்டும் சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற அம்பத்தலையில் அந்தக் களனித் தண்ணீரை எடுத்து, கலங்கலைத் தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் சேர்த்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மறுபக்கம் இறங்குகிற மகாவலி எத்தனை மாவட்டத்து வயலுக்குப் பாய்கிறது என்று உங்களுக்கே தெரியும். நாட்டுக்கே தண்ணீர் கொடுக்கிற மலை இது. ஆனால் பாதுகாப்பான குடிநீர்க் கணக்கெடுக்கும்போது நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தால் கடைசியில் நிற்பது தோட்டம்தான். தண்ணீர் பிறக்கிற இடத்திலேயே குடிநீர் கெட்டுப்போகிறது. ஏன்? முப்பது வருடமாக என் மனதில் இருக்கிற கேள்வி அது.

எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் டிவிசனில் ஒருவர் இருந்தார். பைப்பு மாமா என்று கூப்பிடுவோம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் எல்லாரும் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் பிரிந்து போவார்கள். மாமா மட்டும் தனியாக மேலே நடப்பார். தோளில் மண்வெட்டி. இடுப்பில் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி எடுத்த நாலைந்து பட்டி. பைப்பில் எங்கே ஒழுகினாலும் அந்தப் பட்டியை இழுத்துச் சுற்றிக் கட்டிவிடுவார். பாடசாலை விடுமுறையில் நானும் தம்பியும் அவர் பின்னால் ஓடுவோம்.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஊற்று. கல் வைத்துக் கட்டி மேலே பலகை மூடி. மாமா முதலில் மூடியைத் தொடமாட்டார். ஊற்றுக்கு மேலே ஏறி, அங்கே அரை வட்டமாக வெட்டியிருக்கிற வடிகாலை, அதாவது கானைப் பார்ப்பார். மழை பெய்தால் மேலிருந்து வழிகிற தண்ணீர், மண், இலை, ஆட்டுப்புழுக்கை எல்லாம் அந்தக் கானில் விழுந்து ஊற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஊற்றுக்குள் இறங்காது. அந்தக் கான் தூர்ந்திருந்தால் அதை வெட்டிச் சரி செய்த பிறகுதான் மற்ற வேலை. இன்று பொறியியலாளர்கள் ஊற்றுப் பாதுகாப்பு என்று வகுப்பெடுக்கிறார்கள். அதில் முதல் பாடமே இந்தக் கான்தான். மாமா ஐந்தாம் வகுப்பு வரைகூடப் படித்தவர் இல்லை.

ஒரு முறை யாரோ ஊற்றுக்கு மேலே பசுவைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. பசுவை அவிழ்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் இறங்கி, சொந்தக்காரர் வீட்டு இஸ்தோப்பில் கட்டிவிட்டு, "ஒம் புள்ளையும் இந்தத் தண்ணியதான்யா குடிக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறினார். அதற்குப் பிறகு அந்த மேட்டில் யாரும் மாடு கட்டவில்லை.

சனிக்கிழமைகளில் தொட்டியைக் காலி செய்து தேங்காய்மட்டையால் தேய்த்துக் கழுவுவார். ப்ளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். அரை மணி நேரம் யாருக்கும் தண்ணீர் விடமாட்டார். கிருமி சாக அவ்வளவு நேரம் வேண்டும். பெருமழை நாளில் வால்வை அடைத்து, கலங்கல் தண்ணீரை வெளியே ஓடவிடுவார். "சேத்துத் தண்ணில மருந்து போட்டா மருந்துதான் சாகும், பூச்சி சாகாது" என்பார். பின்னால் நான் ரசாயனம் படித்தபோது அது எவ்வளவு சரி என்று புரிந்தது. கலங்கலில் இருக்கிற அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

இவ்வளவு வேலைக்கும் அவருக்குச் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் நாளுக்கு ஒரு பேர் போட்டார்கள். ஒரு பேர் என்றால் தோட்டத்தில் உங்களுக்குத் தெரியும், ஒரு நாள் சம்பளம். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒரு பேர் இருந்தது.

மாமா வயதாகி ஓய்வு பெற்றார். 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்த காலம் அது. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. செக்ரோலில் அந்தப் பேர் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பீலியில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கான் தூர்ந்தது யாருக்குத் தெரியும்? மூடி உக்கிப்போனது யாருக்குத் தெரியும்? தொட்டிக்கு மேலே புதிதாக நாலு கக்கூஸ் குழி வெட்டினார்கள், அதையும் யாரும் யோசிக்கவில்லை. சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் என் வகுப்பில் மட்டும் ஏழு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாக, வகுப்பில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி. சரி, தண்ணீருக்கு?

அப்போதுதான் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சில சின்னப் போத்தல்களைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே மருந்தில் நனைத்துக் காயவைத்த ஒரு தாள் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலம் கலந்த தண்ணீரில் இருக்கிற வகைக் கிருமி இருந்தால் கறுத்துவிடும். 1982இல் இந்தியாவில் கண்டுபிடித்து வெளியிட்ட முறை. ஆய்வுகூடம் தேவையில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. நம் குளிருக்கு ஒரே ஒரு சிக்கல், கிருமி வளரக் கொஞ்சம் சூடு வேண்டும். அதனால் பிள்ளைகள் போத்தல்களைச் சாக்கில் சுற்றி என் வீட்டு அடுப்பங்கரைப் பரணில் வைத்தார்கள்.

ஐந்து போத்தல். ஒன்று ஊற்றில் பிடித்தது. ஒன்று தொட்டியில். ஒன்று மேட்டு லயத்துப் பீலியில், ஒன்று கீழே இருக்கிற பணிய லயத்துப் பீலியில். கடைசி ஒன்று ஒரு பிள்ளையின் வீட்டுக் குடத்தில். இரண்டாம் நாள் காலையில் பரணிலிருந்து இறக்கினோம். தொட்டி கறுப்பு. மேட்டு லயம் கறுப்பு. பணிய லயம் கறுப்பு. குடம், மை மாதிரிக் கறுப்பு. ஊற்றுப் போத்தல் மட்டும் ஊற்றியபடியே தெளிவாக இருந்தது.

ஒரு மாணவி கேட்டாள், "டீச்சர், அப்ப மலை நமக்கு நல்ல தண்ணிதான் குடுத்திருக்கா?" ஆமாம் என்றேன். ஒரு நாள் தெளிந்திருந்தால் என்றைக்கும் தெளிந்திருக்கும் என்று அர்த்தமில்லை, மழை பெய்தால் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். ஆனாலும் அவள் சொன்னது சரி. ஊற்றில் நல்லதாகப் பிறந்த தண்ணீர் வழியில்தான் கெட்டது. அந்த வழியைப் பார்க்க ஆள் இல்லை.

நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தபோது வாந்திபேதியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வாந்திபேதியும் தண்ணீரில் வருகிற நோய்தான். நம் மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து மலையகம் 200 என்று 2023இல் அதே வழியில் நடந்தார்களே, நானும் மாத்தளையில் சேர்ந்துகொண்டேன். நடக்கும்போது கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தேன். அந்த வழியில் விழுந்தவர்களுக்கு அது இருந்திருந்தால் என்று நினைத்தபோது கால் எழவில்லை.

அப்புறம், திட்டங்கள் வராமல் இல்லை. பெருந்தோட்ட மனித அபிவிருத்தி டிரஸ்ட் மூலமாக வந்தது, தொண்டு நிறுவனங்கள் மூலமாக வந்தது. தொட்டி கட்டினார்கள், பைப் புதைத்தார்கள், பெயர்க்கல் வைத்துத் திறந்தார்கள். செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தொட்டிக்குக் காசு, பைப்புக்குக் காசு, சிமெந்துக்குக் காசு என்று போட்ட கணக்கில் எதிலும் பைப்பு மாமாவுக்குக் காசு இல்லை. தொட்டியை யார் கழுவுவது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தண்ணீருக்கு ஒரு பேர் வேண்டும்.

பக்கத்துக் கிராமங்களைப் பாருங்கள். அங்கே நீர்ச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு தொகை கட்டுகிறார்கள், அதில் ஒருவருக்குச் சம்பளம். 2014இலிருந்து தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் என்று தனித் திணைக்களமே அந்தச் சங்கங்களைப் பார்க்கிறது. நமக்கு என்ன தடை? ஊற்று இருக்கும் நிலம் கம்பெனியின் குத்தகையில். தொட்டி கட்டியது ஒருவர். பைப் போட்டது இன்னொருவர். உடைந்தால் யாரிடம் போவது? தோட்டத்தில் கேட்டால் பிரதேச சபை என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால் தோட்டம் என்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அது தடையாக இருந்தது. வாக்குப் போட நாம் வேண்டும், பீலிக்கு ஒரு பைப் போட முடியாது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தயவுசெய்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். திருத்திவிட்டார்கள். இனிச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

காய்ச்சிக் குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று பலர் கேட்கிறார்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். பயப்பட வேண்டாம், அந்தச் சூடு கிருமிக்குப் போதும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அதிலேயே மூடி வையுங்கள். கையை விட்டு மொண்டால் காய்ச்சியது வீண், பிடி வைத்த அகப்பை போடுங்கள். ஆனால் ஒன்று. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்தான் அதற்கும் விறகு சுமக்கிறாள். காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் கையைக் கழுவுவது எனக்குச் சம்மதமில்லை.

மகியங்கனைப் பக்கத்து நேயர்களும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே தம்பானையில் ஆதிக்குடிகளான வேடர் மக்கள் இருக்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கியபோது அவர்களுடைய காடும் ஓடையும் கைவிட்டுப்போயின. அந்தத் தாழ்நிலத்தில் நிலத்தடித் தண்ணீரின் பிரச்சினை வேறு. கிராந்துருகோட்டையில் சிறுநீரக நோய் எத்தனை வீட்டைப் பாதித்திருக்கிறது என்று நாடே அறியும். தண்ணீரில் உப்பும் புளோரைட்டும் அதிகமிருந்தால் காய்ச்சினாலும் போகாது. அங்கே மழைத் தண்ணீரைச் சேர்த்துக் குடிப்பது நல்லது. மலையில் சொல்கிற பதிலை அப்படியே அங்கே சொல்லக்கூடாது.

நேரம் குறைவு என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். எங்கள் டிவிசனில் இப்போது நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் போத்தலைப் பார்த்துக் கேள்வி கேட்ட மாணவி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். லயத்தில் எல்லாக் குடும்பமும் மாதம் கொஞ்சம் சேர்த்து அவளுக்குக் கொடுக்கிறோம். அரைப் பேர் கணக்குக்குத்தான் வரும். சனிக்கிழமை தொட்டியைக் கழுவி, உள்ளே படம் பிடித்து எல்லாருடைய தொலைபேசிக்கும் அனுப்புகிறாள். மீதி அரைப் பேரைத் தோட்டம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், சபையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், முடியாது போலிருக்கிறது. இது மட்டும். ஊற்றுக்கு மேலே யூக்கலிப்டஸ் வேண்டாம், அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும். புதிதாக எதையும் நடக்கூட வேண்டியதில்லை, அந்த ஓடைக்கரையில் தானாக முளைக்கிறதை விறகுக்கு வெட்டாமல் விடுங்கள். ஊற்றைச் சுற்றி வேலி போடுங்கள். மழைக்கு முன்னால் கானை வெட்டிவிடுங்கள். கக்கூஸ் குழி ஊற்றுக்குக் கீழே, குறைந்தது 30 மீட்டர் தள்ளி. பரிசோதகரிடம் போத்தல் கேளுங்கள், கேட்டால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள்.

வணக்கம்.