யாருடைய கணக்கு, தங்கச்சி?

(கணினிப் பாதுகாப்பு படிக்கும் இளைஞர்களிடம் ஹட்டனில் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, நாங்கள் சிலர் நடத்தும் இணையக் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. "பேஸ்புக் அக்கவுண்ட் ஹேக் பண்றது எப்படி?" ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார், இன்னொருவர் "இது திருடர் கூட்டம் இல்லை" என்றார். எனக்கும் கோபம்தான். அந்தக் கேள்வியை எத்தனையோ தடவை பார்த்துச் சலித்தவன், நீக்கிவிடத்தான் கை போனது.

அதற்குள் பண்டாரவளையில் இருக்கும் எங்கள் அக்கா ஒருவர் முந்திக்கொண்டார். "யாருடைய கணக்கு, தங்கச்சி?"

பதில் வந்தது. "எங்க அக்காவோடது. அவ டுபாய்ல வேலை செய்றா. யாரோ அவ பேர்ல எங்க சொந்தக்காரங்ககிட்ட காசு கேக்குறாங்க."

தலவாக்கலைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை, தெரிந்தவர் கேட்கிறார் என்று நம்பி அக்கா கொடுத்திருக்கிறார். பறிபோனதை மீட்க வழி கேட்க வந்த பிள்ளைக்குத் தெரிந்த ஒரே சொல் 'ஹேக்'. முதலில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லச் சொன்னோம். அப்புறம் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றவைத்து, பேஸ்புக்கின் மீட்புப் பக்கத்தில் முறையிடவைத்தோம். மூன்றாம் நாள் கணக்கு திரும்பியது.

நாம் விரட்டியிருந்தால் அவள் தேடுவதை நிறுத்தியிருக்க மாட்டாள். 'ஹேக்கிங் டூல்' என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, இறக்குபவரின் பாஸ்வேர்டையே திருடுபவை. துடிப்பான தம்பி ஒருவன் என்றால், பழகிப் பார்க்க ஏதோ ஒரு பாடசாலையின் தளத்துக்குள் நுழைவான். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைவதே குற்றம். எதையும் உடைத்திருக்க வேண்டியதில்லை. உன் லேப்டொப்பிலேயே மெய்நிகர் கணினி ஒன்றை, அதாவது மென்பொருளால் ஆன கணினிக்குள் கணினியை, அமைத்து அதில் உடைத்துப் பழகு என்று அவனுக்கு நாம்தானே சொல்ல வேண்டும்?

1986இல் அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில், கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் கிளிஃபோர்ட் ஸ்டோல். வானியல் படித்தவர். கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சதம் உதைத்தது. அதை விடாமல் மாதக்கணக்காகத் துருவினார். கடைசியில் பிடிபட்டது, ஜெர்மனியிலிருந்து நுழைந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றவர்களின் கும்பல். புதியவர் கேட்கும் சில்லறைக் கேள்வியை நான் இப்போது இரண்டு தடவை வாசிக்கிறேன்.

கொழுந்து மலையில் முதல் நாள் கூடை கட்டிய பிள்ளை முற்றிய இலையைக் கிள்ளினால், பக்கத்து நிரை அக்கா விரலைப் பிடித்துக் காட்டுவார்: இரண்டு இலை, ஒரு மொட்டு. ஏச்சு மட்டுமே வாங்கிய பிள்ளை முற்றிய இலையைக் கூடையின் அடியில் மறைக்கும். நிறுக்கும்போதுதான் தெரியவரும். பொய் லிங்க்கைத் தொட்டுவிட்டவரும் அப்படித்தான். ஏசுவார்கள் என்று பயந்தால் வாயே திறக்க மாட்டார். அந்த நேரத்துக்குள் திருடன் வேலையை முடித்துவிடுவான்.

சலிப்பு வரும், உண்மை. அதற்காகத்தான் அடிக்கடி வரும் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதி வைக்கிறோம். பேஸ்புக் பகுதி முடிந்துவிட்டது. வட்ஸ்அப் பகுதிக்கு இன்னும் ஆள் இல்லை. எழுத விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள்.